பெ. காளீஸ்வரி, செ. காளீஸ்வரி

கோட்டையூரில் அந்தப் பெரிய வீட்டுக்கு இரண்டு தெருவிலும் வாசல் உண்டு. வீடு தங்கும் விடுதியாகி ஒன்பது வருஷம் ஆகிறது. முன்தெரு வாசலில் காரில் வந்து இறங்குகிற விருந்தாளிகளுக்குச் சந்தனமும் கற்கண்டும் கொடுப்பார்கள். பின்தெரு வாசல் வேலையாட்களுக்கு. அந்த வாசல் சுவரில்தான் தை மாதம், முகத்தைப் பார்த்து வருகை குறித்துக்கொள்கிற எந்திரம் ஒன்றை மாட்டினார்கள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். முகத்தைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும். ஒரு பெண் குரல் "தேங்க் யூ" என்று சொல்லும். முகம் தெரியாத முகமாக இருந்தால் சிவப்பு. "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்."

அன்று காலை காளீஸ்வரிக்கு எட்டாவது தடவையாகச் சிவப்பு எரிந்தது.

பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். தோட்ட வேலை பார்க்கிற ஐயனார், "அந்தப் புள்ளைக்கு உன்னையக் கண்டாலே ஆகலை போல. ஒரு தேங்காயைச் சுத்திப் போடு காளி" என்றார். சிரித்தார்கள். காளீஸ்வரியும் சிரிக்கப் பார்த்தாள். உதடு இடம் கொடுக்கவில்லை. இடது கண் இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் கிடந்தது. மேலுதடு புடைத்து மூக்கு நுனி வரைக்கும் வந்திருந்தது. முந்தின நாள் படுக்கும்போது அந்த முகம் அவளிடம் இல்லை.

"ஒழுங்காப் பாருத்தா. நான்தான்" என்றாள் எந்திரத்திடம்.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது அது.

மேனேஜர் மீனாட்சிசுந்தரம் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "எம்புட்டு நேரம் நின்னாலும் அது ஒத்துக்கிராதுத்தா. நீ போயி வேலையைப் பாரு. நீ வந்தேங்கிறதுக்கு நான் சாட்சி."

"சாட்சியை எந்திரம் கேக்குமாண்ணே?"

கேட்காது. எந்திரத்துக்குள் போவதெல்லாம் நேரே சென்னை ஆபீசில் போய் உட்கார்ந்துகொண்டது. இங்கிருந்து கையால் திருத்த வழியில்லை. மாதத்தில் நாலு நாளுக்கு மேல் சொல்லாமல் வராதவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது என்று புது விதி. அன்றோடு காளீஸ்வரிக்கு மூன்று நாள் 'வரவில்லை' என்று விழுந்திருந்தது. அந்த மூன்று நாளும் அவள் எல்லோருக்கும் முன்னால் வந்து கடைசியில் போனவள்.

இருபத்திரண்டு அறைகள் உள்ள வீட்டின் சாவிக்கொத்து அவள் பொறுப்பு. எந்தக் கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும், எந்தப் பூட்டை இடப்பக்கம் அழுத்தித் திருகவேண்டும் என்று இருட்டில் கேட்டாலும் சொல்வாள். மற்ற வீடுகளில் சாவியை இடுப்பில் செருகுவார்கள். காளீஸ்வரி ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டியிருப்பாள். மிடுக்குக்காக என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பதுண்டு. இடுப்பில் ஒரு மணி நேரம் சாவி அழுந்தினால் சாயந்திரம் அந்த இடம் ஒரு சாண் அகலத்துக்குத் தடித்து நிற்கும் என்பது அவளுக்கும் தேவிகாவுக்கும் மட்டும் தெரியும். தேவிகா அவளோடு சேர்ந்து படுக்கை விரிப்பு மாற்றுகிறவள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், கடைசித் துணியைக் கொடியில் போட்டுவிட்டு வந்த ஒரு மத்தியானம், தொடையில் கொசுக்கடி மாதிரி ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் முதுகு முழுக்கத் திட்டுத் திட்டாகச் சிவந்து எழும்பியது. 'காணாக்கடி' என்றார்கள். எது கடித்தது என்று தெரியாமல் தடித்து அரிப்பதற்கு ஊரில் அதுதான் பேர். வெற்றிலையில் மிளகு வைத்துத் தின்னச் சொன்னார்கள்; தின்றாள். கம்பளியால் தேய்க்கச் சொன்னார்கள். தேய்த்த இடமெல்லாம் இரண்டு பங்காயிற்று. கத்தரிக்காயை விட்டாள், கருவாட்டை விட்டாள், முட்டை, நண்டு, மாங்காய் என்று ஒவ்வொன்றாக விட்டாள். கடைசியில் வெறும் மோர்ச்சோற்றில் வந்து நின்ற வாரத்தில்தான் முதன்முதலாக முகம் வீங்கியது.

அரிப்பைக்கூடத் துணியால் மறைத்துக்கொள்ளலாம். வீக்கத்தை எங்கே வைப்பது? தெருவில் வேறு கதை கட்டினார்கள். அவள் வீட்டுக்காரன் செம்மலை குட்டியானை சரக்கு வண்டி ஓட்டுகிறவன். கோழி குறுக்கே வந்தால்கூட வண்டியை நிறுத்தி, அது போகட்டும் என்று இருக்கிற ஆள். அவன்தான் அடிக்கிறான் என்று பேச்சாகிவிட்டது. டீக்கடையில் ஒரு பெரியவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "பொம்பளை மேல கை வைக்காதடா, நல்லா இருக்க மாட்ட" என்றார். செம்மலை வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு, "நான் என்னனு காளி சொல்றது? என் பொண்டாட்டி தானா வீங்குறானு சொல்லவா?" என்று கேட்டான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் அவன் வெகுநேரம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் தன் உடம்பைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். தண்ணீர் வாளியைக் கைப்பிடியில் தூக்கினால் ஆறு மணி நேரம் கழித்து உள்ளங்கை பன்போல உப்பும், விரல் மடங்காது. அதனால் பழந்துணியைச் சுற்றி, முழங்கை மடிப்பில் மாட்டித் தூக்கினாள். வளையலைக் கழற்றிவிட்டாள். பாவாடை நாடாவுக்குப் பதில் அகலமான துணிப்பட்டை தைத்துக்கொண்டாள். மெத்தையைத் தட்டும்போது வலக்கைக்கு ஓர் அறை, இடக்கைக்கு ஓர் அறை என்று முறை வைத்தாள். இத்தனையையும் செய்துகொண்டு, ஒரு விரிப்பின் ஓரம்கூடக் கோணாமல் இருபத்திரண்டு அறையையும் பதினொரு மணிக்குள் முடித்துவிடுவாள். பாதிக் கண்ணோடு அவள் விரித்த படுக்கையை முழுக் கண்ணோடு யாரும் குறை சொன்னதில்லை.

பெரியாஸ்பத்திரிக்கும் போனாள். தோல் டாக்டர் செவ்வாய்க்கிழமைகளில் பார்ப்பார். காலையில் உதடு வீங்கியிருக்கிறதே, இன்றைக்காவது காட்டிவிடலாம் என்று பஸ் ஏறுவாள். பஸ்ஸில் ஒரு மணி நேரம், வரிசையில் மூன்று மணி நேரம். டாக்டரம்மா முன்னால் போய் உட்காரும்போது முகம் கழுவி வைத்த தட்டுபோல இருக்கும். அப்படிப் போனது ஐந்து தடவை. ஒரு தடவை செம்மலை செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினாள்.

"இது ஒரு நாள்தானேம்மா. மாசத்துல எத்தனை நாள் இப்படி வருது?"

"அடிக்கடி வரும்மா."

"அடிக்கடின்னா? அதை வச்சுத்தான் மாத்திரையைக் கூட்டணுமா, வேற மருந்துக்குப் போகணுமான்னு முடிவு பண்ண முடியும். ஒரு நோட்டுல குறிச்சிட்டு வாங்க."

நோட்டு வாங்கினாள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டாள். அதோடு சரி. வீங்கிய நாளில் அதை எழுத மனசு வரவில்லை. வடிந்த நாளில் அதை நினைக்க மனசு வரவில்லை. தினம் ஒரே ஒரு மாத்திரை விழுங்கிக்கொண்டு அப்படியே கிடந்தது நோய்.

இந்த நிலையில்தான் எந்திரம் வந்தது. மூன்று நாள் 'வரவில்லை' விழுந்த அன்று, கொல்லைக் கிணற்றடியில் தேவிகா தேங்காய்ப்பால் சாதத்தைப் பிரித்துக்கொண்டே, "இன்னும் ரெண்டு நாள் வீங்குனா சாவிக்கொத்து போயிரும்டி" என்றாள். காளீஸ்வரி சாதத்தை மெல்ல முடியாமல் நாக்கால் அமுக்கி விழுங்கினாள். துணிப்பையை மடியில் வைத்து, சாவிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"அண்ணே, புதுசா ஒரு ஆள் வேலைக்குச் சேந்தா என்ன செய்வீக?"

"எந்திரத்துல பேரைப் போட்டு, முகத்தைக் காட்டச் சொல்லிப் பதிவேன்."

"அப்ப இந்த முகத்தைப் பதிஞ்சிருங்க."

மீனாட்சிசுந்தரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இது எப்படித்தா ஆகும்? ஒரு ஆளுக்கு ஒரு முகந்தான் ஒத்துக்கிருது."

"அதான் வேற ஆளாப் பதியுங்க. இவளும்தானே வேலைக்கு வாரா? அவளை மட்டும் உள்ள விட்டுட்டு இவளை வாசல்ல நிறுத்தினா எப்படி?"

அவர் யோசித்தார். விதி தவறியும் பழக்கமில்லை, இவளை விடவும் மனசில்லை. "பேரு வேணுமே. ஒரே பேரை ரெண்டு தடவை போட்டா அதுவும் ஒத்துக்கிராது."

"ஏற்கெனவே என்ன போட்டிருக்கீக?"

"செ. காளீஸ்வரி. செம்மலை பேரை முன்னால போட்டு."

"அப்ப இவளுக்கு எங்க அப்பா பேரைப் போடுங்க. பெத்தன். பெ. காளீஸ்வரி." சொல்லிவிட்டு, வீங்கிய உதட்டுக்குள்ளேயே சிரித்தாள். "கோவம் வந்து பிறந்த வீட்டுக்குப் போன மாதிரி இருக்கட்டும்."

எந்திரத்தின் முன்னால் போய் நின்றாள். வழக்கமாக முந்தானையை இழுத்து முகத்தை மூடுகிறவள், அன்று அதை விலக்கிப் பிடித்து, ஒரு கண்ணைத் திறந்துகொண்டு நிமிர்ந்து பார்த்தாள். பச்சை எரிந்தது. "தேங்க் யூ."

"பாத்தியா, மரியாதை தெரிஞ்ச புள்ளைதான்" என்றார் ஐயனார்.

மாசி மாதம் முழுக்க நன்றாகத்தான் போயிற்று. ஒரு நாள் செ. வருவாள், ஒரு நாள் பெ. வருவாள். லேசான வீக்கம் என்றால் எந்திரமே கொஞ்சம் யோசித்து, இரண்டில் ஒருத்தியை முடிவு பண்ணிக்கொள்ளும். "இன்னைக்கு எந்த காளி?" என்று தேவிகா வாசலிலேயே கேட்பாள். சிவப்பு விளக்கு எரியவே இல்லை.

மாதம் முடிந்ததும் சென்னையிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. செ. காளீஸ்வரி இருபத்தாறு வேலை நாளில் பதினைந்து நாள்தான் வந்திருக்கிறாள், நீக்கம். பெ. காளீஸ்வரி பதினொரு நாள்தான் வந்திருக்கிறாள், அவளும் நீக்கம். இருபத்தாறு நாளும் வந்த ஒருத்தி, அரைகுறையாக வந்த இரண்டு பேராகிப்போயிருந்தாள்.

மேனேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "நானும் உங்கூடச் சேந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒழுங்கா இருந்தவனைக் கெடுத்துப்புட்டியேத்தா."

"படைப்புக்கு வீட்டுக்கார ஆச்சி வாராகள்லண்ணே?"

"வாராக. மகனும் வாராரு. கடுதாசி போட்டதே அவருதான்."

"அதுக்குள்ள ரெண்டு பேரு வந்த நாளையும் தனித்தனித் தாள்ல எடுத்துக் குடுங்க. மத்ததை நான் பேசிக்கிறேன்."

வருஷத்துக்கு ஒரு நாள் அந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் கூடி முன்னோருக்குப் படைப்பார்கள். அன்று விருந்தாளிகளுக்கு அறை கிடையாது. எங்கெங்கோ இருக்கிற பங்காளிகள் வந்து சேர, இலை போடுவதற்காகப் புள்ளி எண்ணுவார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. ஒருவர் தவறிவிட்டால் மிஞ்சியவர் அரைப்புள்ளி. அது அவர்கள் வழக்கம்.

படைப்பன்று விடியும் முன்னாலேயே காளீஸ்வரி கண்ணாடியில் பார்த்தாள். முகம் சுத்தமாக இருந்தது. இரண்டு கண்ணும் திறந்து, உதடு அதன் இடத்தில். "இன்னைக்கித்தான் உனக்கு லீவு கேட்டுச்சாக்கும்" என்று கண்ணாடியைத் திட்டிவிட்டுப் புறப்பட்டாள். பேரை இன்னும் எடுக்காததால் எந்திரம் அவளை செ. என்றது.

சாப்பாடு முடிந்து கூட்டம் அடங்கியபின், நடு முற்றத்தை ஒட்டி நாற்காலியில் விசாலி ஆச்சி உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது, வீடு அவர் சொல்லுக்குத்தான் நடக்கும். பக்கத்தில் மடிக்கணினியோடு மகன் வள்ளியப்பன். மேனேஜர் ஒரு தூணாக நின்றார்.

"ஒரே பேர்ல ரெண்டு ஆளு. ரெண்டு பேரும் ஒழுங்கா வரலை. வேற என்ன செய்யச் சொல்றீக?" என்று வள்ளியப்பன் மேனேஜரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது ரெண்டு ஆளு இல்லைங்க சார்" என்று காளீஸ்வரி முன்னால் வந்தாள். "ரெண்டும் நான்தான்."

வள்ளியப்பன் திரையில் இரண்டு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பிக் காட்டினார். "இதுவும் இதுவும் ஒரே ஆளா? அக்கா தங்கச்சின்னாக்கூட நம்ப முடியாது. ஆத்தா, இது ஆள் மாறாட்டம். எந்திரத்தை ஏமாத்திருக்காக."

"இருடா. அவ பேசட்டும்" என்றார் ஆச்சி.

காளீஸ்வரி இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரங்களைச் சரிபண்ணினாள், விரிப்பின் ஓரத்தைச் சரிபண்ணுகிற மாதிரி. பிறகு முற்றத்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். மேல் தாளில் வெறுமையாக இருந்த கட்டங்களில் கீழ்த் தாளின் குறிகள் தெரிந்தன. ஒரு கட்டம்கூடக் காலியில்லை. ஒரு கட்டத்திலும் இரண்டு குறி இல்லை.

"எண்ணிப் பாருங்க ஆச்சி. ரெண்டு பேரும் சேந்து வந்த நாளும் கிடையாது, சேந்து வராத நாளும் கிடையாது. வேலையைப் பிரிச்சுக்கிட்ட ரெண்டு ஆளு ஒரு மாசம் முழுக்க இப்படிப் பிசகாம வர முடியுமா?"

ஆச்சி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "சரி. ஆனா இந்த முகம் உன் முகமாங்கிறதுக்கு என்ன? இப்ப வீங்கலையே?"

"முகம் கூப்பிட்டா வராதுங்க ஆச்சி. அது நெனச்சப்பத்தான் வரும். ஆனா கூப்பிட்டா வாரதும் ஒன்னு இருக்கு."

துணிப்பைக்குள் கையை விட்டு, முன்வாசல் கதவின் பெரிய சாவியை எடுத்தாள். இடது முன்கையை நீட்டி, சாவியின் மழுங்கின முனையால் மெதுவாக ஓர் எழுத்து எழுதினாள். இரத்தம் இல்லை, கீறல்கூட இல்லை. வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்து மறைந்தது.

"கொஞ்ச நேரம் பொறுக்கணும்" என்றாள்.

யாரோ காபி கொண்டுவந்தார்கள். வள்ளியப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். ஆச்சி கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அந்த இடம் சிவந்தது. பிறகு, ஈரத்தில் போட்ட பயறு முளை விடுகிற மாதிரி, கோடு மெல்ல எழும்பியது. காபி ஆறுவதற்குள், குருடர்கூடத் தடவிப் படிக்கிற உயரத்துக்கு, கையில் 'பெ' நின்றது.

ஆச்சி விரலால் தொட்டார். "வலிக்குதா?"

"அரிக்கும். ஆனா சொறியக் கூடாது. சொறிஞ்சா கை பூரா எழுத்தாகிரும்."

மேனேஜர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வள்ளியப்பன் மடிக்கணினியை மூடினார்.

"எத்தனை வருஷமா?"

"நாலு வருஷம் ஆச்சி."

"சொல்லவே இல்லையே நீ?"

"படுக்கை ஒழுங்கா விரிச்சிருந்துச்சு. சொல்றதுக்கு வேலை வரலை."

ஆச்சி காபித் தம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு மகனைப் பார்த்தார். "உங்க அப்பச்சி தவறின நாள்லேருந்து என்னைய அரைப்புள்ளினு எழுதுறாக. அரைப்புள்ளினு எழுதிட்டா நான் பாதி ஆளா வந்து உக்காந்திருக்கேன்? இவளை உன் எந்திரம் ரெண்டு அரையா எழுதி வச்சிருக்கு. கூட்டத் தெரியாதாடா உனக்கு? இம்புட்டுப் படிச்சிருக்க."

"தப்புதான் ஆத்தா" என்றார் வள்ளியப்பன். அவருக்கு முகம் சிவந்திருந்தது. காளீஸ்வரியிடம், "ரெண்டு பேரையும் ஒன்னாச் சேத்துரச் சொல்றேன். இனிமே குழப்பம் வராது" என்றார்.

அங்கேதான் அவள் யாரும் நினைக்காத ஒன்றைக் கேட்டாள்.

"சேக்க வேண்டாம் சார். வேலை நாளை மட்டும் சேத்து எண்ணுங்க. பேரு ரெண்டும் தனித்தனியாவே இருக்கட்டும். மாசாமாசம் பெ. வந்த நாளை எனக்கு ஒரு தாள்ல எடுத்துக் குடுங்க. டாக்டரம்மா ரொம்ப நாளா அதைத்தான் கேக்குறாக. எனக்கு எழுத வரலை. எந்திரத்துக்கு அதுல ஒரு வெக்கமும் இல்லையே."

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல வடிந்த முகத்தோடு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தாள். இந்தத் தடவை இரண்டு தாள்களை மேசைமேல் வைத்தாள். முதல் மாதம் பதினொரு நாள், அடுத்த மாதம் பதின்மூன்று. கை, கால் வீங்கிய நாட்கள் எந்திரத்துக்குத் தெரியாது என்பதால், அவற்றைத் தானே பென்சிலால் ஓரத்தில் சுழித்திருந்தாள். ஒரு வழி திறந்ததும் எழுதவும் வந்துவிட்டது.

டாக்டரம்மா தாளை இரண்டு தடவை பார்த்தார். "இதை யாரு குறிச்சது?"

"வாசல்ல ஒரு புள்ளை இருக்கு. நான் வீங்கி வந்தா ஒரு பேரும், வீங்காம வந்தா ஒரு பேரும் சொல்லும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இவ்வளவு நாளாவா?" என்று மெதுவாகக் கேட்டார். மாத்திரையைக் காலையில் இரண்டு, இரவில் இரண்டாகக் கூட்டினார். இதிலும் அடங்காவிட்டால் மாதத்துக்கு ஒன்று என்று ஊசி இருக்கிறது என்றார். சாப்பாட்டால் வருவதில்லை, உடம்பு தனக்குத்தானே கிளப்பிக்கொள்வது, கத்தரிக்காயைத் தாராளமாகத் தின்னலாம் என்றார். நாக்கோ தொண்டையோ வீங்கினாலும், மூச்சு முட்டினாலும், தாளைத் தேடிக்கொண்டிருக்காமல் அந்த நிமிஷமே ஓடிவர வேண்டும் என்று அழுத்திச் சொன்னார்.

அன்று திரும்பும்போது செம்மலை பஸ் நிறுத்தத்தில் வண்டியோடு நின்றான். கையில் ஒரு பை கத்தரிக்காய். போனில் சொன்னதைக் கேட்டு நேரே சந்தைக்குப் போயிருக்கிறான். "பேசாம அடிக்கிறவன்னே இருந்திருக்கலாம். இப்ப சமைக்கிறவனா ஆயாச்சு" என்றான்.

அடுத்த மாதம் பெ. காளீஸ்வரி ஏழு நாள் வந்தாள். அதற்கடுத்த மாதம் மூன்று. ஆடியில் ஒரு நாள். ஆவணியில் அவள் வரவே இல்லை. நோய் போய்விட்டது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. அடங்கியிருக்கிறது என்றார், மாத்திரையை நிறுத்தக்கூடாது என்றார். காளீஸ்வரிக்கும் அது தெரியும். சாவிப்பை இன்னும் தோளில்தான் இருக்கிறது.

ஆவணி முடிந்த அன்று மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். "பெ. காளீஸ்வரி ஒரு மாசமா வரலையாம். பேரை எடுத்துரவானு எந்திரமே கேக்குது. எடுத்துரவாத்தா? சந்தோஷமான சமாச்சாரம்தானே?"

காளீஸ்வரி ஏழாம் அறைக்குப் போர்வை எடுத்துக்கொண்டு போனவள், நின்றாள். கொஞ்சம் யோசித்தாள்.

"இருக்கட்டும்ணே. எப்ப வருவானு சொல்ல முடியாது. வந்தா பாவம், வாசல்ல நிக்கக் கூடாது."